காக்கை கண்ட கொன்றையூர்

கொன்றையூர் அரண்மனையில் சித்திரம் எழுதுகிறவன் நான். பெயர் தாண்டவன். ஏணியில் இரண்டாம் படி ஏறினாலே என் கால்கள் பெயருக்கேற்ற ஆட்டம் போடும். அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டுத்தான் ராஜா மாறப்ப பூபதி சொன்னார்:

"தாண்டவா, ஒரு காக்கை மேலேயிருந்து பார்த்தால் நம் ஊர் எப்படித் தெரியும்? அதைத் துணியில் எழுது. என் சம்பந்திக்கு அனுப்ப வேண்டும். காக்கை கண்டதிலிருந்து இம்மி மாறினாலும் நீ இந்த ஊரில் இருக்கக்கூடாது."

"உத்தரவு மகாராஜா!" என்றேன். என் வாய்க்கு மட்டும் உயரம் என்றால் பயமே கிடையாது.

மறுநாள் கோபுரத்தில் ஏறினேன். நாலாவது படியில் தலை சுற்றி, தவழ்ந்தே இறங்கினேன். வாசலில் பூ விற்றவள் முகத்தில் தண்ணீர் தெளித்தாள். அதோடு கோபுரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வீட்டில் உட்கார்ந்தபடியே வரைந்தேன்.

எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் என் வீடுதான். துணியின் மூலையில் அதிலிருந்தே ஆரம்பித்தேன். ஓடுகளை ஒவ்வொன்றாக வரைந்தேன். கூரைமேல் காய்ந்த வற்றலையும் விடவில்லை. பிறகு தெரு, குளம், கோயில், கடைவீதி. ஒரு மாதம் கழித்து எதிர்மூலையில் அரண்மனைக்கு வந்தபோது துணி தீர்ந்துபோயிற்று. கட்டைவிரல் அளவு இடம்தான் மிச்சம். அதற்குள் அரண்மனையை அடைத்தேன். மறுநாள் சபை.

துணியை விரித்ததும் தளவாய் உத்தண்டராயர் பாய்ந்தார். அவருக்கும் எனக்கும் என்றுமே ஆகாது.

"பிரபு, இதோ பாருங்கள்! நம் அரண்மனை கோழிக்கூடு மாதிரி இருக்கிறது. இவன் வீடு கோட்டை மாதிரி இருக்கிறது!"

ராஜாவின் முகம் சிவந்தது. "என்னடா இது?"

உண்மையைச் சொன்னால் ஊரை விட்டுப் போக வேண்டும். வாய்தான் முந்திக்கொண்டது.

"மகாராஜா, காக்கை கண்டபடி எழுதச் சொன்னீர்கள். காக்கை மாடத்தையும் மதிலையுமா பார்க்கும்? மத்தியானம் எந்தக் கூரையில் சோறு வைக்கிறார்கள் என்றுதான் பார்க்கும். அதன் கண்ணுக்குச் சோறு வைக்கிற வீடு பெரிய வீடு, வைக்காத வீடு சின்ன வீடு."

"என் அரண்மனையில் காக்கைக்குச் சோறு வைப்பதில்லையா?"

"வைக்கிறார்கள் மகாராஜா. ஆனால் மாடம் அசுத்தமாகிறதென்று கவண்காரர்களைக் காவல் வைத்திருக்கிறார் தளவாய். கிட்ட வந்தால் கல்லடி."

ராஜா அப்போதே எழுந்தார். உச்சிவேளை. ஒரு பிடி சோற்றோடு தாமே மாடம் ஏறி, "கா... கா..." என்று கூப்பிட்டார். நான் கீழேயே நின்றுகொண்டேன். ஒரு காக்கைகூடக் கிட்டே வரவில்லை. எல்லாம் கூட்டமாக என் வீட்டுக் கூரைக்குப் பறந்தன.

தளவாய் விடவில்லை. "இருக்கட்டும் பிரபு. ஊரில் எத்தனையோ செல்வர்கள் சோறு வைக்கிறார்கள். இவன் வீடு மட்டும் ஏன் இத்தனை பெரிசு?"

"மற்றவர்கள் ஒரு பிடிதான் வைப்பார்கள் தளவாய் ஐயா. நான் ஒண்டிக்கட்டை. நானே சமைக்கிறேன். ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, பானையோடு காக்கைக்கு வைத்துவிடுகிறேன்."

ராஜா மாடத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கவண்காரர்களை அன்றே விலக்கினார். இனி எனக்கு மூன்று வேளையும் அரண்மனைச் சாப்பாடு என்றார். கீழே இறங்கி வந்து புதுத் துணி ஒன்றையும் தந்தார். நான் பணிந்து வாங்கியபோது என் காதருகே குனிந்தார்.

"தாண்டவா, இந்தத் தடவை அரண்மனையிலிருந்து ஆரம்பி."