ஒன்பது கோடரி செய்த முள்ளம்பன்றி

ஒரு வீடியோ கேமுக்குள் ஒரு காடு இருந்தது. அந்தக் காட்டில் சடையன் என்ற முள்ளம்பன்றியும் அவன் மனைவி பூவாயியும் ஒரு மரக்குடிசையில் குடியிருந்தார்கள்.

அந்தக் காட்டில் ஒவ்வொரு விலங்கின் தலைக்கு மேலும் ஒரு சிவப்புக் கோடு மிதக்கும். அதுதான் உயிர். பசித்தால் குறையும். குளிர்ந்தாலும் குறையும். தீர்ந்தால் அவ்வளவுதான், மறுபடி பிறக்க வழியே இல்லை. இதில் பெரிய கொடுமை, தன் கோட்டைத் தானே பார்க்க முடியாது! பக்கத்தில் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பனிக்காலம் இருபது நாள். மற்ற விலங்குகள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, ஒன்றின் கோட்டை ஒன்று பார்த்துச் சொல்லிக்கொண்டே நாளை ஓட்டின. சடையனுக்கு அதைக் கண்டாலே எரிச்சல்.

"சோம்பேறிக் கூட்டம்! பனி போகட்டும். மரமா வெட்டி என் பூவாயிக்குப் பெரிய வீடு கட்டுறேன். யாரு கெட்டிக்காரன்னு அப்ப தெரியும்!" என்றான்.

முதல் நாளே வேலை மேசையில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு கட்டை, ஒரு கல், ஒரு முழக் கொடி. சேர்த்துக் கட்டினால் கோடரி. கட்டைகளை எங்கிருந்து எடுத்தான்? அடுப்புக்கென்று அடுக்கி வைத்திருந்த குவியலிலிருந்துதான். ஒரு கோடரி முடிந்ததும் இன்னொன்று. இருப்பதே இரண்டு கை, இத்தனை கோடரியை எதில் பிடிப்பானோ!

நான்காம் நாள் பூவாயி கேட்டாள். "ஏங்க, உடம்பெல்லாம் ஒரு மாதிரி இருக்கு. என் கோடு எவ்வளவு இருக்குன்னு பாத்துச் சொல்லுங்களேன்."

"நல்லாத்தான் இருக்கு புள்ள!" என்றான் சடையன். தலையைத் தூக்கவே இல்லை.

பூவாயி அவன் கோட்டைப் பார்த்தாள். பாதிக்கும் கீழே போயிருந்தது. வேலை செய்கிறவனுக்குப் பசி அதிகம் அல்லவா? தன் பங்குக் கிழங்குக் கஞ்சியையும் அவன் பக்கம் தள்ளினாள்.

"நீ குடிக்கலையா?"

"என் கோடுதான் நல்லா இருக்குன்னு சொன்னீங்களே. பசிக்கிற மாதிரி இருக்கு. அது சும்மா மனசுதான் போல."

சடையன் இரண்டு கிண்ணத்தையும் குடித்துவிட்டு மறுபடி கொடியை முறுக்கினான். அடுத்த நாளும் அவள் கேட்டாள். அதே பதில்தான் வந்தது. கஞ்சியும் அதே மாதிரி கைமாறியது. பாவம், கட்டியவன் சொன்னதை அவள் நம்பினாள்.

பத்தாம் நாள் அடுப்பு அணைந்தது.

"ஏங்க, ரெண்டே ரெண்டு கட்டை போடுங்களேன்."

"இது கைப்பிடிக்கு எடுத்து வச்சது புள்ள. இந்த ஒண்ணு முடியட்டும்!"

"சரிங்க. எனக்குத் தூக்கமா வருது" என்று பூவாயி மூலையில் சுருண்டுகொண்டாள்.

அந்த நேரம் நெருப்பு கேட்டு வந்த மரங்கொத்தி ஜன்னலில் எட்டிப் பார்த்து அலறியது.

"அண்ணே! அண்ணி கோடு நூலாத் தேஞ்சு கிடக்கு! திரும்பிப் பாருங்கண்ணே!"

"வேலை வெட்டி இல்லாதவனுக்கு அடுத்த வீட்டு வம்புதான் சோறு! போடா!" என்று சடையன் ஜன்னலை அடித்துச் சாத்தினான்.

ஆனாலும் மனதில் சுருக்கென்றது. பார்க்கத்தான் வேண்டும் என்று நினைத்தான். கையில் கொடி பாதி சுற்றியிருந்தது. விட்டால் அவிழ்ந்துவிடும். கடைசி முடிச்சையும் போட்டு இறுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"புள்ள, இங்க பாரு! ஒம்பதாவது!"

அவள் தலைக்கு மேல் கோடு இல்லை.

சடையன் ஓடினான். தொட்டுப் பார்த்தான். கைப்பிடிகளை எல்லாம் உருவி அடுப்பில் திணித்து, சாம்பலுக்குள் மிச்சமிருந்த கங்கை ஊதினான். நெருப்பு நன்றாகவே பிடித்தது. குடிசை முழுவதும் கதகதப்பானது. கஞ்சி காய்ச்சி அவள் வாயருகே கொண்டுபோனான். "ஒரே ஒரு வாய் புள்ள" என்று கெஞ்சினான். கஞ்சி தரையில் வழிந்தது.

இருபதாம் நாள் பனி உருகியது. மரங்கள் வெட்டுவதற்குத் தோதாக நிமிர்ந்து நின்றன. சடையன் வெளியே வரவில்லை. தன் கோடு இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்ல அவனுக்கு ஆள் இல்லை. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

யாருக்காக உழைக்கிறோமோ அவர்களை நிமிர்ந்து பார்க்காத உழைப்பு, சோம்பலைவிடக் கேடானது.