வண்டு விழுந்த அவரை

குற்றாலம் வண்டுகளைக் கட்டைவிரலால் நசுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு. அவரை விதைப் பானையைத் திறந்தால் பாதிக்கு மேல் ஓட்டை. நன்றாகக் காயுமுன் மூடி வைத்தது அவரேதான். அதனால் கோபம் இரண்டு பங்கு.

மலையடிவாரத்தில் இருந்தது வடிவம்மையின் ஆசிரமம். குருவுக்கு நாற்பது வயது, சீடர் குற்றாலத்துக்கு அறுபது. ஆடி முதல் நாள் சுற்றுவட்டாரப் பெண்கள் வீட்டுத் தோட்டத்துக்கு விதை வாங்க அங்கே வருவார்கள். மருந்தே அடிக்காத தோட்டத்து விதை என்று அவர்களுக்கு அப்படியொரு நம்பிக்கை. விதைக்குப் பொறுப்பு குற்றாலம். நாளை ஆடி ஒன்று. அந்தப் பெண்கள் முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பது?

டவுனுக்கு ஓடினார். கடையில் கிடைத்த அவரை ரோஸ் நிறத்தில் இருந்தது. வண்டு தின்றால் செத்துப்போகும்படி மருந்து தோய்த்த விதை. வாங்கி வந்து, தொட்டியடியில் உட்கார்ந்து, நிறம் போகும்வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பக்கத்தில் சாம்பல் தயாராக இருந்தது. அதில் புரட்டி எடுத்துவிட்டால் யாருக்கு அடையாளம் தெரியப்போகிறது?

வடிவம்மை வந்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி, விதைக்கு எண்ணெய்க் குளியலா?"

மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டார். சொல்லச் சொல்ல அவருக்கே கோபம் வந்தது. "பொறவு என்ன செய்யச் சொல்லுதீங்க? எல்லாரையும் வெறுங்கையோட அனுப்பவா? கழுவியாச்சு. இனிமே சுத்தம்தான்."

"சுத்தமா?"

"கடைசித் தண்ணியைப் பாருங்க. பளிச்சுன்னு இருக்கு."

அம்மை அந்தத் தண்ணீரை ஒரு டம்ளரில் மொண்டு நீட்டினார்.

"குடிங்க."

"அம்மா!"

"குடிங்க, குத்தாலம்."

அம்மை அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. குற்றாலம் டம்ளரை வாங்கவில்லை. அம்மை டம்ளரைச் சுவரில் விட்டெறிந்தார்.

"அத்தனை வீட்டு அடுப்படியிலயும் விஷத்தைக் கொண்டு வைக்கப் பாத்தீங்களே! குழி தோண்டிப் புதைங்க எல்லாத்தையும்."

குற்றாலம் பல்லைக் கடித்துக்கொண்டு தோண்டினார்.

மறுநாள் காலையில் அம்மை வண்டு விழுந்த பழைய விதைப் பானையை முற்றத்துக்குக் கொண்டுவந்து முறத்தில் கவிழ்த்தார். குற்றாலம் பதறிப்போனார்.

"இதையா குடுக்கப்போறீங்க? என் மானம் கப்பலேறணுமா?"

"ஏறட்டும்."

பெண்கள் வந்தார்கள். முன்னால் நின்ற செண்பகவல்லி கைநிறைய அள்ளினாள். அள்ளியதைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மாறிவிட்டது.

"என்ன தாயி இது? வண்டு அரிச்சதை எங்க தலையில கட்டுதீங்களா?"

"காயாம மூடிட்டோம். தப்பு எங்க மேலதான்" என்றார் அம்மை. "ஓட்டை விழுந்ததுலயும் முளைக்கிறது உண்டு. கூட ரெண்டு ஊனுங்க."

"டவுன் கடையில ஒரு ஓட்டை இல்லாம மினுமினுன்னு குடுக்கான். அவனும் இயற்கை விதைன்னுதான் அட்டையில போட்டிருக்கான். உங்க விதைதான் விஷமில்லாததுன்னு எதைப் பாத்து நாங்க நம்புறது?"

பின்னால் நின்றவர்களும் முணுமுணுத்தார்கள். இரண்டு பேர் பையை மடித்துக்கொண்டு திரும்பினார்கள். எல்லோர் பார்வையும் குற்றாலத்தின் மேல் விழுந்தது. நேற்றுத் தொடாத டம்ளர் அவர் கண்முன் வந்தது.

செண்பகவல்லி விதையை முறத்திலேயே உதறினாள். உதறிய வேகத்தில் ஒரு விதையின் ஓட்டையிலிருந்து வண்டு ஒன்று வெளியே வந்தது. முறத்தின் விளிம்பை நோக்கி ஊர்ந்தது. குற்றாலத்தின் ஆத்திரமெல்லாம் அதன்மேல் திரும்பியது. நசுக்கக் கட்டைவிரலைக் கொண்டுபோனார்.

அம்மை அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"விரலை எடுங்க, அண்ணாச்சி. நமக்குன்னு இருக்கிற சாட்சி இது ஒண்ணுதான். இதுக்குள்ளேயே பொறந்து, இதையே தின்னு வளந்திருக்கு. இன்னும் நடக்குது, பாருங்க."