பவளக்கொடிக்கு லீவு வாங்கிய மூவர்

பொக்கையூர்க்காரர்கள் யோசிக்காமல் ஒரு காரியம் செய்தார்கள் என்று யாரும் குறை சொல்ல முடியாது. நன்றாக யோசித்துத்தான் செய்வார்கள். அதனால்தான் இவ்வளவும் நடந்தது.

அந்த ஊர் மொக்கராசுவின் பெண்சாதி பவளக்கொடி நூல் மில்லில் அறுந்த இழையை ஒட்டுகிற வேலை பார்த்தாள். தலைப்பிள்ளை உண்டாகி நிறைமாதம் நெருங்கிவிட்டது. ஆற்றுப்பாலம் உடைந்ததிலிருந்து ஆஸ்பத்திரி பஸ் வருவதில்லை. பிரசவத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்வது, நர்ஸம்மா ரோசலின் வந்து பார்ப்பது என்று முடிவாகியிருந்தது. மிச்சம் இருந்தது லீவுதான். அது கிடைக்காவிட்டால் வலி எடுக்கிற வரைக்கும் அவள் மெஷின் முன்னால் நிற்க வேண்டும். பிள்ளை பிறந்த பிறகு வீட்டில் இருந்தால் சம்பளமும் இல்லை.

"நீங்க போயி ஆபீசுல கேட்டுட்டு வாங்க. அவங்க சொன்னதைச் சொன்னபடி செஞ்சாப் போதும். சொந்தமா ஒண்ணும் சேர்க்க வேணாம்," என்றாள் பவளக்கொடி.

கடைசி இரண்டு வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மொக்கராசு துணைக்கு அண்ணன் சடையனையும் தம்பி ஒச்சுவையும் கூட்டிக்கொண்டு போனான். மில் கிளார்க் பரமானந்தம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விவரம் சொன்னார்.

"பிரசவ லீவு உண்டு. அதுக்கு முன்னால நிக்க முடியாம இருக்கிற நாளுக்கு இயலாமைப் பணமும் உண்டு. ஆஸ்பத்திரின்னா அவங்க சீட்டுக் குடுப்பாங்க. வீட்டுப் பிரசவத்துக்கு எதை நம்புறது? அதனால முதல்ல, எந்த வீடுன்னு ஆபீசுல காட்டணும். அடுத்தது, அந்தம்மா ஒரு வேலையும் செய்ய முடியாம இருக்கிறதை நான் நேர்ல வந்து பார்க்கணும். ஏதாவது வேலை செஞ்சா பணம் கிடையாது. அப்புறம், லீவுல போறவங்க தன்கிட்ட இருக்கிற பொறுப்பை எல்லாம் இன்னொருத்தர்கிட்ட ஒப்படைச்சிட்டுப் போகணும். திரும்ப வேலைக்கு வரும்போது அவர்கிட்ட இருந்து வாங்கிக்கிட்டுத்தான் வரணும்."

ஆளுக்கு ஒன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டு மூவரும் திரும்பினார்கள்.

"வீட்டை எப்படிடா ஆபீசுல காட்டுறது? வண்டியில ஏறாதே," என்றான் சடையன்.

"நாம எதை வச்சு நம்ம வீடுன்னு கண்டுபிடிக்கிறோம்?" என்று கேட்டான் மொக்கராசு.

"நீலக் கதவை வச்சுத்தான்."

"அப்ப வீடுங்கிறது கதவுதான். மத்ததெல்லாம் சுவரு."

மறுநாள் காலையில் கதவை நிலையோடு பெயர்த்து, மாட்டுவண்டியில் ஏற்றி ஆபீசில் கொண்டுபோய்ச் சாத்தினார்கள். பரமானந்தம் கதவைச் சுற்றி வந்து பார்த்தார். 'வீடு காட்டப்பட்டது' என்று பதிந்துகொண்டார். காட்டியதைத் திரும்ப எடுத்துப் போகலாம் என்று அவர் சொல்லவில்லை. அதனால் மூவரும் கதவை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். பவளக்கொடி வாசலில் ஒரு பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டாள்.

அடுத்து, பொறுப்பு.

"மெஷினை மில்லு பார்த்துக்கிரும். ஆனா அவரு 'பொறுப்பை எல்லாம்'னு சொன்னாரு. இவகிட்ட இருக்கிறதுலயே பெரிய பொறுப்பு எது?" என்றான் சடையன்.

மூவரும் பவளக்கொடியின் வயிற்றைப் பார்த்தார்கள். பவளக்கொடி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நான் ஏத்துக்க முடியாது. எனக்கு இடுப்புப் பிடிப்பு இருக்கு," என்றான் சடையன்.

"நான் ஏற்கனவே அப்பன். ஒரே ஆளு ரெண்டு பதவியில இருந்தா கேள்வி வரும்," என்றான் மொக்கராசு.

ஒச்சுவுக்குக் கல்யாணமும் ஆகவில்லை, வேலையும் இல்லை. "நான் சும்மாதானே இருக்கேன், என் பேரைக் குடுங்க," என்றான். அவனுக்கு ஒரு பொறுப்பு கிடைத்தது அதுதான் முதல் தடவை.

பொறுப்பேற்றவர் ஒச்சு என்று பரமானந்தம் பதிந்துகொண்டார். எந்தப் பொறுப்பு என்று அவர் கேட்கவில்லை. கேட்காததை இவர்களும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து ஒச்சு விடிந்ததும் வேலி ஓரம் போய் ஓங்கரித்தான். இடுப்பில் கைவைத்து நடந்தான். மாங்காய் கேட்டான். பவளக்கொடிக்கு வளைகாப்பு நடந்தபோது தனக்கும் வேண்டும் என்று உட்கார்ந்தான். வளையல் மணிக்கட்டைத் தாண்டாததால் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். பவளக்கொடி எல்லாவற்றையும் பார்த்தாள். அவன் தட்டிலிருந்த மாங்காயில் பாதியை எடுத்துக்கொண்டாள்.

மிச்சம், கிளார்க் வந்து பார்ப்பது. அவர் என்றைக்கு வருவார் என்று தெரியாததால் அவளை எந்நேரமும் வேலை செய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. விளக்குமாற்றைக் கூரையில் செருகினார்கள். அம்மிக்குழவியை அடுத்த தெருவில் ஒளித்துவைத்தார்கள். அவள் சோற்றைப் பிசைந்தால்கூட மொக்கராசு ஓடிவந்து, "வேணாம் பவளம், பணம் போயிரும்," என்று பிசைந்து கொடுத்தான்.

ஒருநாள் அவள் கொட்டாவி விட்டாள்.

"டேய், அது வேலையில சேருமா?" என்றான் சடையன்.

"சேராதுண்ணே. கொட்டாவி தானா வருது. தானா வர்றது வேலை இல்ல," என்றான் மொக்கராசு.

"அப்ப பிரசவம்?"

"அதுவும் தானா வர்றதுதானே?"

"வலி தானா வரும். ஆனா முக்கணுமே? முக்குனா வேலைதானே?"

மொக்கராசுவுக்கு வியர்த்துவிட்டது. லீவுக்காக இவ்வளவு பாடுபட்டு, கடைசியில் பிள்ளை பெற்றதாலேயே எல்லாம் போய்விடுமா?

பரமானந்தம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். நீலக் கதவு எங்கே என்று தெருத்தெருவாகத் தேடினார். ஊரில் எல்லா வீட்டுக்கும் கதவு இருந்தது, ஒரு வீட்டுக்கு மட்டும் இல்லை. அதை வைத்துக் கண்டுபிடித்தார். அவர் சேலையை விலக்கவும் உள்ளே பவளக்கொடிக்கு வலி எடுக்கவும் சரியாக இருந்தது.

நர்ஸம்மா ரோசலின் பையோடு ஓடிவந்து, ஆண்களை எல்லாம் வெளியே தள்ளிவிட்டு, "பயப்படாதே தாயி, நல்லா முக்கு," என்றார்.

"முக்காதே பவளம்! ஆபீசரு நிக்கிறாரு!" என்று வெளியிலிருந்து கத்தினான் மொக்கராசு.

"முக்கு தாயி!"

"முக்காதே, பணம் போயிரும்!"

"யாருடா அவன்?" என்றார் நர்ஸம்மா.

"என் வீட்டுக்காரருதான்," என்று பல்லைக் கடித்தாள் பவளக்கொடி. "அந்தச் செம்பை எடுத்து அவரு மேல எறியுங்க!"

செம்பு சேலையைத் தாண்டி வந்து மொக்கராசு நெற்றியில் பட்டது. "பார்த்தீங்களா சார், அவ எறியல, எறியச் சொன்னா, அவ்வளவுதான். வேலை செய்யல," என்றான் அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டே.

சடையன் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். "சார், பிள்ளை பெக்குறது வேலையா, இல்லையா? நீங்கதான் தீர்த்துச் சொல்லணும்."

பரமானந்தம் கண்ணாடியைக் கழற்றினார். அவர் சர்வீசில் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. வேலை என்றால் பணம் கிடையாது. வேலை இல்லை என்றால் உள்ளே கேட்கிற சத்தத்துக்கு என்ன பெயர் வைப்பது? அவர் யோசித்தார். மூவரும் அவரோடு சேர்ந்து யோசித்தார்கள். யோசித்து முடிப்பதற்குள் உள்ளே பிள்ளை வீல் என்று அழுதது.

"பொம்பளப் பிள்ளை!" என்றார் நர்ஸம்மா.

"வேலைதான்," என்று முடிவு சொன்னார் பரமானந்தம். "ஆனா மில் வேலை இல்லை. பணம் உண்டு, லீவும் உண்டு."

மொக்கராசு அழுதான், சிரித்தான், கிளார்க்கைக் கட்டிப்பிடித்தான். ஒச்சு மட்டும் ஒரு மூலையில் வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

லீவு முடிந்து பவளக்கொடி மில்லுக்குப் போனாள்.

"ஒச்சுகிட்ட இருந்து பொறுப்பை வாங்கிட்டியாம்மா?" என்று கேட்டார் பரமானந்தம்.

அவள் வீட்டுக்குத் திரும்பி வந்து ஒச்சுவிடம் கேட்டாள்.

"அதெப்படி மதினி முடியும்? உங்களுக்குப் பிறந்துருச்சு. எனக்கு இன்னும் ஆகலையே. பாதியில எப்படி ஒப்படைக்கிறது?"

"தலைப்பிரசவம், தள்ளித்தான் போகும்," என்றான் சடையன்.

பவளக்கொடி இதை அப்படியே போய்ச் சொன்னாள், சொந்தமாக ஒன்றும் சேர்க்காமல். பரமானந்தம் விதிகளைப் புரட்டினார். பாதியில் வாங்கலாம் என்று எங்கேயும் போடவில்லை. "அவருக்கு ஆனதும் வாம்மா," என்று சம்பளத்தோடு லீவை நீட்டித்தார்.

பிள்ளை இப்போது நடக்கிறது. மொக்கராசு தம்பிக்காக இரண்டு தடவை நர்ஸம்மாவைக் கூப்பிடப் போய்த் திட்டு வாங்கி வந்தான். பவளக்கொடி மட்டும் பதற்றப்படுவதில்லை. தினமும் சாயங்காலம் மாங்காயைக் கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி ஒச்சுவின் முன்னால் வைக்கிறாள்.

"நல்லாச் சாப்பிடுங்க கொழுந்தனாரே. அவசரமே இல்ல."