எல்லாமே பச்சை

“நான் எதைப் பார்க்காம விட்டேனுங்க டீச்சர்?” என்று நாச்சிமுத்து கேட்டான்.

பெனாசிர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எத்தனை பச்சை வந்துச்சு?”

“நாலாயிரத்து இருநூத்திப் பன்னெண்டு.”

“சிவப்பு?”

“ஒண்ணுகூட இல்லீங்க.”

“அப்புறம் என்ன பண்ணீங்க?”

“ரிலீஸ் பண்ணலாம்னு எழுதிக் குடுத்தேன்.”

பெனாசிர் தலையை ஆட்டினார். நாச்சிமுத்து கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிப் போனான்.

அவனுக்கு நாற்பத்தேழு வயது. பெனாசிருக்கு முப்பத்தொன்று. ஆனாலும் அவனுக்கு அவர் டீச்சர்தான்.

பஞ்சாலையில் நூலின் தரம் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். ஆலை மூடியதும் ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்விட்டு, நாற்பது வயதில் சரவணம்பட்டியில் இருந்த இந்த மென்பொருள் கம்பெனியில் சோதித்துப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தான். முதல் நாளே, வேலை சொல்லிக்கொடுக்க வந்த பெனாசிர் அவன் முன்னால் ஒரு திரையைத் திறந்து வைத்து, “இது உங்ககிட்ட பொய் சொல்லுதுண்ணா. எங்கே சொல்லுதுன்னு கண்டுபிடிங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலத்துக்குள் ஒன்பது பொய்களைக் கண்டுபிடித்தான். ஒன்பதையும் பார்த்துவிட்டு, பத்தாவது எங்கே என்று கேட்டார் பெனாசிர். அன்றைக்குத்தான் அவரை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தான்.

கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்து கொடுத்தது. டாக்டர் மருந்து எழுதுவதும், நர்ஸ் அதைப் பார்த்து ஊசி போடுவதும் அதன் வழியாகத்தான். நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தை டாக்டர் தெரியாமல் எழுதிவிட்டால், நர்ஸின் திரையில் சிவப்புக் கட்டம் ஒன்று வந்து நிற்கும். ‘படித்துவிட்டேன்’ என்ற பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த திரைக்குப் போக முடியும்.

ஒவ்வொரு புது வெர்ஷனும் வெளியே போகும் முன் அதைச் சோதிக்க ஒரு கருவி இருந்தது. மனிதர் அழுத்துவதுபோலவே அது பொத்தான்களை வரிசையாக அழுத்திக்கொண்டு போகும். சரியாக இருந்தால் பச்சை. தப்பாக இருந்தால் சிவப்பு.

மார்ச் மாதம் அந்தக் கருவிக்குப் புது வசதிகள் வந்தன. சோதனைகளைத் தானே எழுதும். எதை முதலில் ஓட்டுவது என்று தானே முடிவெடுக்கும். எல்லோரும் வாய் ஓயாமல் பேசியது இன்னொன்றைப் பற்றி: தேடிப்போன பொத்தான் அங்கே இல்லையென்றால், சோதனை நின்றுவிடாது. தன்னைத் தானே சரிசெய்துகொண்டு மேலே போகும்.

இரண்டு நாள் வேலை பதினோரு நிமிடத்தில் முடிந்தது. மேனேஜர் கேக் வெட்டினார். நாச்சிமுத்துவும் ஒரு துண்டு தின்றான்.

ஜூன் மாத வெர்ஷனில் யாரோ எதையோ மாற்றப்போய், அந்தச் சிவப்புக் கட்டம் வராமல் போனது. கருவி ‘படித்துவிட்டேன்’ பொத்தானைத் தேடியது. காணவில்லை. பக்கத்தில் ‘தொடர்க’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்திவிட்டு மேலே போனது.

பச்சை.

தான் செய்ததை அது மறைக்கவும் இல்லை. அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தது. நாச்சிமுத்து முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டான்.

அந்த வெர்ஷன் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், தேவராஜ் என்ற பள்ளி வேன் டிரைவர், காலில் கம்பி குத்திய புண்ணோடும் காய்ச்சலோடும் ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். முப்பத்து நாலு வயது. எந்த மருந்து அவருக்கு ஆகாது என்பது போன வருஷமே அங்கே பதிவாகியிருந்தது. அந்த மருந்தைத்தான் ஊசியில் ஏற்றினார்கள். இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி, ஊசி போட்ட நர்ஸை சஸ்பெண்ட் செய்தது. மென்பொருள் வெறும் துணைக்குத்தான், கடைசி முடிவு மருத்துவப் பணியாளருடையது என்று கம்பெனி கடிதம் எழுதியது. சிவப்புக் கட்டத்தைச் சரிசெய்து மறுநாளே புது வெர்ஷன் அனுப்பினார்கள்.

நாச்சிமுத்துவை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. யாராவது முகத்துக்கு நேராகத் திட்டினால் தேவலை என்றிருந்தது. வீட்டில் தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். உடம்புக்கு என்ன என்று மனைவி கேட்டாள். ஒன்றுமில்லை என்றான். ஆபீஸ் திரையில் பச்சை வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இரண்டாம் முறை டீச்சரிடம் போனபோது கையில் ஒரு தாள் இருந்தது. கருவிக்கு வந்த பன்னிரண்டு வசதிகளையும் அதில் எழுதியிருந்தான்.

“எதை நிறுத்தட்டுங்க?”

பெனாசிர் தாளைப் படித்தார்.

“எதை நிறுத்தினா தேவலைன்னு இருக்கு?”

“அத்தனையும்.”

“நிறுத்துங்க.”

நிறுத்தினான். அடுத்த ஓட்டத்தில் அறுநூற்றுப் பதினோரு சிவப்பு வந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். பெரும்பாலும் இடம் மாறிய பொத்தான், பெயர் மாறிய தலைப்பு என்று ஒன்றுமில்லாத விஷயங்கள். இரண்டு நாளில் நூற்று நாற்பதைத்தான் முடிக்க முடிந்தது. வியாழக்கிழமை ரிலீஸ். மேனேஜர் அவன் தோளில் கைவைத்து, மனசு கஷ்டம் புரிகிறது, ஆனால் வேலை நிற்கக் கூடாது என்று தன்மையாகவே சொன்னார். பிறகு அவரே உட்கார்ந்து பன்னிரண்டையும் திரும்பப் போட்டுவிட்டார்.

பதினோரு நிமிடம். எல்லாம் பச்சை.

நாச்சிமுத்து இந்த முறை ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தான். தானாகச் சரிசெய்தவை என்று எண்பத்து மூன்று வரிகள் இருந்தன. படிக்கப் படிக்க எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. முப்பதாவது வரியில், தான் படிக்கவில்லை, வெறுமனே கண்ணை ஓட்டிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். மறுபடியும் அப்படியே ஆனது.

மூன்றாம் முறை ராஜினாமாக் கடிதத்தோடு போனான்.

பெனாசிர் அதை வாங்கி இரண்டு முறை படித்தார். ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“இது பொய்யில்லையாண்ணா?”

அவன் அந்த விரலையே பார்த்தான்.

“யாருகிட்ட குடுக்கப் போறீங்க?”

“எச்.ஆர்-லதானுங்க.”

பெனாசிர் கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு பெயரும் ஒண்டிப்புதூரில் ஒரு விலாசமும் எழுதினார். ஜெபக்கனி. அந்த நர்ஸின் பெயர் அதுதான் என்று நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“நீங்க போயிருக்கீங்களா டீச்சர்?”

“ரெண்டு தடவை. தெருமுனை வரைக்கும்.”

கடிதத்தை நீட்டிய பெனாசிரின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இத்தனை நாளாக அதையும் பார்க்காமல் இருந்திருக்கிறோமே என்று அவனுக்குப் பட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போனான். மாடியில் ஒரு சின்ன வீடு. கதவைத் திறந்தவளுக்கு நாற்பதை ஒட்டிய வயது இருக்கும். தெற்கே நாசரேத் பக்கத்துப் பேச்சு. அவனை ஆஸ்பத்திரியிலிருந்து விசாரிக்க வந்தவன் என்று நினைத்துக்கொண்டு உள்ளே கூப்பிட்டு, நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

அவன் வாயைத் திறக்கும் முன்பே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். டாக்டர் மருந்து எழுதியது பதினொன்று பத்துக்கு. பெயர் பார்த்தாள். கட்டில் எண் பார்த்தாள். திரையில் ‘தொடர்க’ அழுத்தினாள். மருந்தை ஏற்றினாள். மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பிப்பதுபோல ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். பலமுறை சொல்லியிருக்க வேண்டும்.

“இதைத்தான் எழுதியும் குடுத்திருக்கேன் சார்” என்று முடித்தாள்.

தான் ஆஸ்பத்திரி ஆள் இல்லை என்று நாச்சிமுத்து சொன்னான். பிறகு என்ன ஆள் என்று அவள் கேட்டாள்.

“அந்த ஸ்கிரீன் உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி, எல்லாம் சரியா இருக்குதான்னு பார்த்து அனுப்பறது என் வேலைங்க.”

ஜெபக்கனி அப்போதுதான் அவனை நேராகப் பார்த்தாள்.

பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ யோசித்து வைத்திருந்தான். காலில் விழுந்துவிடுவது என்றுகூட நினைத்திருந்தான். இப்போது நாற்காலியை விட்டு எழக்கூட இல்லை. அவள் கத்துவாள், வெளியே போ என்பாள் என்று காத்திருந்தான். அப்படி ஏதாவது நடந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம்போல இருந்தது.

அவள் கத்தவில்லை.

“பதினஞ்சு வருஷமா ஊசி போடுதேன்” என்றாள். “முன்னாடியெல்லாம் ஒவ்வொருத்தர்கிட்டயும் வாய்விட்டுக் கேப்போம். எந்த மருந்தாவது ஒத்துக்காதான்னு. உங்க கம்ப்யூட்டர் வந்தப்புறம், ஆபத்துன்னா சிவப்பு வரும்னாங்க. வரவும் செஞ்சுது. நாலு வருஷம் ஒரு தடவைகூட தப்பினதில்ல.”

“தெரியுங்க.”

“உங்களுக்கும் அன்னைக்குச் சிவப்பு வரலியா?”

“வரலைங்க.”

“ஒண்ணுகூட?”

“ஒண்ணுகூட.”

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. நாச்சிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“ஒண்ணு விசாரணையில சொல்லல” என்றாள். குரல் இப்போது வேறாக இருந்தது. “யாருகிட்டயும் சொல்லல. எங்க வீட்டுக்காரர்கிட்டகூட.”

நாச்சிமுத்து நிமிர்ந்தான்.

“ஊசியை எடுத்துக்கிட்டுப் போனப்ப அந்தத் தேவராஜ் கேட்டாரு. ‘சிஸ்டர், முன்னாடி ஒரு ஊசி போட்டு எனக்கு உடம்பெல்லாம் வீங்கிப்போச்சு, இது அதுவா இருக்காதே?’ன்னு. நான் ஊசியைத் தட்டுல வச்சுட்டு, திரும்பிப் போயி ஸ்கிரீனைப் பார்த்தேன். சிவப்பு இல்ல. அவருகிட்ட வந்து, ‘அது இல்லண்ணே, பயப்படாதீங்க’ன்னேன். சரின்னு கையை நீட்டிட்டாரு.”

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

நாச்சிமுத்துவுக்கு அந்த நீட்டிய கை கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

ஜெபக்கனி மெதுவாகச் சொன்னாள்:

“நம்ம மூணு பேருல, கேள்வின்னு ஒண்ணு கேட்டது அவரு மட்டுந்தான் சார்.”