பெரிய வெள்ளியன்று மூட்டிய அடுப்பு

சிதம்பரநாதனுக்கு மரியநாயகி குரு என்று சொன்னால், இருவரையும் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். குருவுக்கு நாற்பத்தொரு வயது, சீடருக்கு அறுபது. அவர் முப்பத்துநான்கு வருடம் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் பத்து வயதில் மன்னாரிலிருந்து படகேறி வந்து, காட்டுக்குளம் அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே சமூகப் பணியாளர் ஆனவள். சட்டம் படித்தவள் இல்லை. எந்தக் காகிதத்துக்கு எந்த அலுவலகம், எந்த வழக்குக்கு எந்த வக்கீல் என்று தெரிந்துவைத்துக்கொண்டு, பயந்து நிற்கிறவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் விடுகிறவள்.

இப்போது அவள் மன்னாருக்கே திரும்பிவிட்டாள். புதன்கிழமை தோறும் அவள் மேசை போட்டு உட்கார்ந்த தகரக் கொட்டகையும் இல்லை. ஆனாலும் புதன்கிழமை விடிந்தால் சிதம்பரநாதனுக்குக் கால் பரபரக்கும். சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை வருவார். போக இடமில்லை என்பது நினைவுக்கு வரும். ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுச் சட்டையைக் கழற்றி மாட்டுவார்.

அவளிடம் சேர வந்த முதல் புதன்கிழமை அவர் அந்தக் கொட்டகையில் சட்டைப்பையில் மூன்று பேனாவோடு போய் நின்றார்.

"மனு எழுத ஆள் தேடுதீங்கன்னு கேள்விப்பட்டேன். நம்ம கைல எழுதுன அபிடவிட்ட இதுவரைக்கும் எந்த ஜட்ஜும் திருப்பி விட்டதில்ல."

"நல்லது ஐயா. முதல்ல கொஞ்ச நாள் சும்மா இருந்து கேளுங்கோ."

"எத்தன நாளு?"

"உங்களுக்கு அலுக்காமப் போற வரைக்கும்."

அவருக்குச் சுருக்கென்றது. வீட்டில் மனைவி கோமதி இறந்து மூன்று வருடம். பேச்சுக்கு ஆளில்லாத வீட்டைவிட இது தேவலை என்று உட்கார்ந்தார். வந்தவர்களுக்கு வெறுந்தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அவர்கள் ஆடிக்கு ஒன்று, ஆவணிக்கு ஒன்று என்று முன்னும் பின்னுமாகச் சொன்ன கதைகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். நீதிமன்றமாக இருந்தால் இரண்டு நிமிடத்தில் விஷயத்துக்கு வா என்று அதட்டியிருப்பார். மரியநாயகி ஒருவரையும் அதட்டியதில்லை. அந்தத் தகரத்தின் வெக்கையும் சீனி குறைவான அந்தத் தேநீரும் எவ்வளவு நல்ல நாட்கள் என்பது அப்போது அவருக்குத் தெரியவில்லை.

நான்காம் மாதம் மரியநாயகி டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். அந்த வாரம்தான் தங்கேஸ்வரியின் வாக்குமூலம் எழுதியாக வேண்டியிருந்தது.

"இந்த முறை நீங்கள்தான் எழுதவேணும் ஐயா," என்று சொல்லி அனுப்பினாள்.

விஷயம் தங்கேஸ்வரியின் மகள் சுகந்தினியுடையது. முகாமில் வளர்ந்து, நர்சிங் படித்து, முதல் வகுப்பில் தேறியவள். அட்டையில் அகதி என்று இருப்பதால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கக்கூட வழியில்லை. ஆனால் சட்டம் ஒரு தேதி வைத்திருக்கிறது. 1987 ஜூலை முதல் தேதிக்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், இந்த நாட்டின் குடிமகன்தான்.

தங்கேஸ்வரி அந்த வருடம் பிப்ரவரியில் வயிற்றுப் பிள்ளையோடு மண்டபம் கரையில் வந்து இறங்கியதற்குப் பதிவு இருந்தது; எத்தனை மாதம் என்று அதில் இல்லை. செப்டம்பரில் காட்டுக்குளத்துக்குக் கைக்குழந்தையோடு வந்ததற்கும் பதிவு இருந்தது. இடையில் பிள்ளை பிறந்தது மண்டபத்தில் ஒரு மீனவர் வீட்டில். அதற்கு எந்தப் பதிவும் இல்லை. வத்தலும் தொத்தலுமாக இருந்த பிள்ளையைப் பார்த்து முகாம் எழுத்தர் 'வயது இரண்டு மாதம்' என்று குத்துமதிப்பாக எழுதிவிட்டார். இரண்டு மாதம் என்றால் ஜூலை. சித்திரையில் பிறந்த பிள்ளை அந்த ஒரு வரியால் அகதியாகிவிட்டாள்.

தங்கேஸ்வரி இரண்டு மணி நேரம் சொன்னாள். சிதம்பரநாதன் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு பழைய காலண்டரைப் பார்த்துத் தேதி பிடித்து, முத்து முத்தான எழுத்தில் நான்கு பக்கம் எழுதினார். 'மேற்படி மனுதாரரின் தாயாராகிய நான் உறுதிமொழிந்து கூறுவது யாதெனில்' என்று தொடங்கி, '17.04.1987 அன்று' என்று சொல்லி, வளவளப்பெல்லாம் கழித்துக் கச்சிதமாக முடித்தார். தங்கேஸ்வரி கைநாட்டு வைத்தாள். அவருக்கு அன்று தூக்கம் நன்றாக வந்தது.

குடியுரிமை மனுவை விசாரித்த அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. மின்விசிறியைத் தங்கேஸ்வரியின் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் கேட்டார்.

"உங்க மக எப்பம்மா பிறந்தா?"

தங்கேஸ்வரி சிதம்பரநாதனைப் பார்த்தாள்.

"அவரப் பாக்காதீங்க. நீங்க சொல்லுங்க."

"அதில எழுதிக் கிடக்கு ஐயா."

"என்ன தேதின்னு எழுதியிருக்கு?"

"எனக்குத் தெரியாது."

"இது நீங்க சொன்னதுதானே?"

"இந்த ஐயா எழுதினவர். நல்ல வடிவா எழுதினவர்."

புகழ்ச்சியாகத்தான் சொன்னாள். அதிகாரி கோப்பை மூடினார்.

"சொல்லிக்கொடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. இத வச்சு நான் எப்படி ஆர்டர் போடுறது?"

மரியநாயகி ஏற்பாடு செய்திருந்த வக்கீலம்மா மன்றாடி இரண்டு வார அவகாசம் வாங்கினாள். அதற்குள் வேறு சாட்சியம் வராவிட்டால் இருக்கிற பதிவை வைத்து முடிவெடுப்பதாக அதிகாரி சொன்னார். இருக்கிற பதிவு, இரண்டு மாதம் என்ற அந்த வரிதான். திரும்பும்போது பேருந்தில் சுகந்தினி, "பரவாயில்லை அங்கிள்," என்றாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கு மனம் ஆறியிருக்கும்.

மரியநாயகி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு தங்கேஸ்வரியின் வீட்டுக்குப் போய், கையில் காகிதம் இல்லாமல் தரையில் உட்கார்ந்தாள்.

"மாமி, பிள்ளை பிறந்த கதையைச் சொல்லுங்கோ."

"சித்திரை வருசம் பிறந்து மூண்டு நாள், வெள்ளிக்கிழமை," என்று தங்கேஸ்வரி தொடங்கினாள். "அந்த வீட்டுக்கார அம்மா வேதக்காரி. அண்டைக்குப் பெரிய வெள்ளியாம், யேசு செத்த நாளாம். பொழுதுபடும் வரைக்கும் அந்த வீட்டில அடுப்பு மூட்ட மாட்டினமாம். பிள்ளை நீலம் பாஞ்சு கிடக்குது. சுடுதண்ணி கொண்டு வா எண்டு மருத்துவிச்சி கத்துறா. அந்த அம்மா கழுத்தில கிடந்த செபமாலையைக் கழட்டி ஆணியில கொழுவிப்போட்டு அடுப்பை மூட்டினா. 'ஆண்டவர்கிட்ட நான் பேசிக்கிறேன், நீ பிள்ளையப் பாரு' எண்டா."

சொல்லிவிட்டுத் தங்கேஸ்வரி அழுதாள். சிதம்பரநாதன் தலையைக் குனிந்துகொண்டார். இதே கதையை அவரிடமும் இப்படித்தான் சொல்லியிருந்தாள். வருடப்பிறப்புக்கு மூன்றாம் நாள் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, அடுப்பை அவர் விட்டுவிட்டிருந்தார்.

"அந்த வீடு இப்பவும் இருக்குமோ மாமி?" என்று கேட்டாள் மரியநாயகி.

அடுத்த நாள் சுகந்தினியையும் சேர்த்து நால்வரும் மண்டபத்துக்குப் பேருந்து ஏறினார்கள். அந்த அம்மாள் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. மகள் ரோஸ்லின் வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வந்த காரணத்தைச் சொன்னதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து சுகந்தினியின் முகத்தைப் பிடித்துப் பார்த்தாள்.

"அடுப்பு மூட்ட வச்ச பிள்ள நீதானா?" என்றாள். "எங்கம்மா பெரிய வெள்ளியில அடுப்பு மூட்டுனது அந்த ஒரே தடவதான். ஜெபமாலைய ஆணியில மாட்டிட்டுப் போச்சு, நான் பாத்துக்கிட்டே நிக்கிறேன். அடுப்பு எரியுதேன்னு நாங்க ஆளுக்கு ஒரு டம்ளர் வரக்காப்பி போட்டுக் குடிச்சுட்டோம். அதுக்கும் சேத்து அம்மாதான் கோயில் சாமியார்கிட்ட பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணுச்சு."

மரியநாயகி சிரித்துவிட்டாள். தங்கேஸ்வரியும் ரோஸ்லினும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நின்றார்கள். சிதம்பரநாதன் கடல் பக்கம் திரும்பி நின்று கண்ணாடியைத் துடைத்தார்.

இரண்டாம் விசாரணையில் அதிகாரி தங்கேஸ்வரியையும் ரோஸ்லினையும் தனித்தனியாக அழைத்தார். தங்கேஸ்வரி முக்கால் மணி நேரம் பேசினாள். படகில் நனைந்த போர்வையிலிருந்து தொடங்கினாள். மரியநாயகியோடு பின் பெஞ்சில் இருந்த சிதம்பரநாதனுக்கு நாக்கு துறுதுறுத்தது.

"இன்னும் தேதிக்கே வரலயேம்மா. எடுத்துக் குடுக்கட்டா?" என்று மரியநாயகியின் காதில் கேட்டார்.

"பொறுங்கோ."

தங்கேஸ்வரி அடுப்புக்கு வந்தபோது அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு ரோஸ்லினை அழைத்தார். அவளும் தானாகவே அந்த ஆணியையும் ஜெபமாலையையும் சொன்னாள். பிப்ரவரிக்கும் செப்டம்பருக்கும் இடையில் ஒரே ஒரு பெரிய வெள்ளிதான் வரும். அதிகாரி காலண்டரை ஒருமுறை பார்த்தார்.

"முதல் தடவையே இத ஏம்மா சொல்லல?"

"காயிதத்தில இல்லையே ஐயா," என்றாள் தங்கேஸ்வரி.

நாற்பது நாளில் ஆணை வந்தது. சுகந்தினி இந்தியக் குடிமகள். அந்தப் புதன்கிழமை கொட்டகையில் கேசரி கிண்டினார்கள். அவள் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, சிதம்பரநாதனுக்கு மட்டும் இரண்டாம் தடவையும் வைத்தாள். அவரால் அதைச் சாப்பிட முடியவில்லை.

பிற்பகலில் ஆள் எல்லாம் கலைந்தபின் அவர் மரியநாயகியிடம் கேட்டார்.

"அம்மா, நா எழுதுனதுல ஒரு பொய் கிடையாது. தேதி, எடம், பேரு, அத்தனையும் சரி. பெறகு எங்க தப்பு பண்ணுனேன்?"

 அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தாள். ஒரு தாளை எடுத்தாள்.

"ஐயா, உங்கட மனுசி எப்பிடித் தவறினவ?"

அவர் திடுக்கிட்டார். அந்தக் கொட்டகையில் அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. வெளியிலும் கேட்டதில்லை. காரியத்துக்கு வந்தவர்கள்கூட எத்தனை மணிக்கு என்று மட்டும்தான் கேட்டார்கள்.

"ஆஸ்பத்திரியில நாலு நாளா கெடந்தா," என்றார். "அன்னைக்கு விடியக்காலம் கண்ண முழிச்சு, 'புறவாசக் கதவப் பூட்டுனீங்களா'ன்னு கேட்டா. பூட்டிட்டேன்னு சொன்னேன். 'இல்ல, போயிப் பாத்துட்டு வாங்க, எனக்கு மனசே சரியில்ல'ன்னா. கல்யாணமான நாள்லேருந்து அவளுக்கு அந்தக் கதவு பயம். எங்க போனாலும் பாதி வழியில திரும்பி வந்து பாப்பா. நா கேலி பண்ணுவேன். அன்னைக்கும் கேலி பண்ணிட்டுத்தான் போனேன். சைக்கிள மிதிச்சுப் போயிப் பாக்கேன், கதவு பூட்டித்தான் இருக்கு. இழுத்தும் பாத்தேன். திரும்பி வந்தா..."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு எப்படியோ சொன்னார். கோமதியின் கை சூடு ஆறாமல் இருந்ததைச் சொன்னார். பூட்டித்தான் இருக்கு என்று அந்தக் காதில் குனிந்து சொன்னதைச் சொன்னார். இதைச் சொல்ல அவருக்கு மூன்று வருடம் ஆகியிருந்தது.

மரியநாயகி எழுதிக்கொண்டே இருந்தாள். முடித்ததும் தாளைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தி, பேனாவையும் வைத்தாள்.

"வாசிச்சுப் பாத்துக் கையெழுத்து வையுங்கோ."

சிதம்பரநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

'என் மனைவி கோமதி உடல்நலக் குறைவால் நான்கு நாட்கள் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வந்த நிலையில், நான்காம் நாள் அதிகாலை காலமானார். அச்சமயம் கணவராகிய நான் உடன் இல்லை.'

அவர் பேனாவை எடுத்தார். கீழே வைத்தார். மறுபடி வாசித்தார்.

"நாள் பிழையோ ஐயா?"

"இல்ல."

"நேரம்?"

"சரிதான்."

"நீங்கள் பக்கத்தில இருந்தனீங்களோ?"



"இல்ல," என்றார். பிறகு தாளைத் திருப்பி வெறும் பின்பக்கத்தைப் பார்த்தார். "புறவாசக் கதவு எங்கம்மா?"

"அது பூட்டித்தானே இருந்தது ஐயா," என்றாள் மரியநாயகி. "அதில எழுத என்ன கிடக்கு?"