மாவு மில்லில் மாட்டிய படம்

"டீச்சர், அந்தப் படம் எனக்குத் திரும்ப வேணும்," என்றார் வைத்தியலிங்கம்.

ரெஜினா பசைத் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எந்தப் படம் அண்ணாச்சி?"

"கீழ்க்கரட்டுல விட்டுட்டு வந்தோமே. மாவு மில்லுல. நான் செஞ்ச நிலாப் படம்."

"விட்டுட்டு வந்தோமா, குடுத்துட்டு வந்தோமா?"



அவருக்கு அறுபது வயது. அவளுக்கு முப்பத்தைந்துகூட இருக்காது. ஆனாலும் அவள்தான் குரு, அவர்தான் சீடர். கட்டடங்களுக்கு வரைபடம் போடும் வேலையில் இருந்து ஓய்வுபெற்ற பிறகு, அவளிடம் வந்து சேர்ந்திருந்தார்.

அவள் பேருந்தில் ஊர் ஊராகப் போவாள். ஏதாவது ஒரு நிறுத்தத்தில் இறங்கி நடப்பாள். தரையில் கிடப்பதைப் பொறுக்குவாள். உடைந்த சீப்பு, வளையல் துண்டு, துருப்பிடித்த கதவுக் கொண்டி, நெல் உமி, கிழிந்த சாக்கு. அந்த ஊரிலேயே ஒரு பழைய பலகையைத் தேடிப் பிடித்து, எல்லாவற்றையும் அதில் ஒட்டியும் கம்பியால் கட்டியும் படமாக்குவாள்.

படம் முடிந்ததும் அந்த ஊரிலேயே மாட்டிவிட்டுப் பேருந்து ஏறிவிடுவாள்.

இது ஒன்றுதான் அவள் வைத்திருந்த சட்டம். அவரும் ஒப்புக்கொண்டுதான் சேர்ந்தார்.

"மதுரையில பெரிய கண்காட்சி டீச்சர். அந்தப் படத்தோட போட்டோவைப் பாத்துட்டு அவங்களாவே கூப்பிட்டாங்க. கீழ என் பேரு போடுவாங்களாம்."

"சரி."

"எத்தனையோ கட்டடம் வரைஞ்சு குடுத்திருக்கேன். ஒண்ணுலகூட என் பேரு கிடையாது."

ரெஜினா தூரிகையை உதறி வெயிலில் வைத்தாள். செருப்பை மாட்டினாள்.

"கிளம்புங்க," என்றாள்.

*

பேருந்து அவர்களைப் பிரிவுச் சாலையில் இறக்கிவிட்டது. இரண்டு பக்கமும் கரிசல் காடு. முதல் மழை பெய்து உளுந்து முளைத்திருந்தது.

அவள் வழக்கம்போலக் குனிந்து குனிந்து நடந்தாள். அவர் நிமிர்ந்து வேகமாக நடந்தார்.

சிறிது தூரம் போனபின் அவரே கேட்டார்.

"டீச்சர், கீழ கிடக்குற பொருள் யாருக்குச் சொந்தம்?"

"குனியுறவங்களுக்கு."

"அப்ப நான் குனிஞ்சு எடுத்தது எனக்குத்தான சொந்தம்?"

"எடுத்துட்டு நிமிந்துட்டீங்களே அண்ணாச்சி."

ஊர் வந்துவிட்டது.

*

மாவு மில்லில் மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது. வாசலிலேயே தும்மல் வந்தது.

படம் அவர் மாட்டிய இடத்தில்தான் இருந்தது.

ஆனால் அது அவருடைய படமாக இல்லை.

போன பங்குனியில் அவர் அதைச் செய்தபோது, நடுவில் நிலா இருந்தது. சாலையோரம் கிடைத்த, மூக்குக் கண்ணாடியின் ஒற்றை வட்டச் சில்லு. வெளிச்சம் பட்டால் நிஜ நிலா போலவே மினுங்கும். அதன் கீழே பித்தளைக் குழாய்த் திருகு ஒன்றைப் பூவாக வைத்திருந்தார். ஓரத்தில் ஒரு கொண்டி, வளைந்த கொக்கு மாதிரி.

இப்போது நிலா இருந்த இடத்தில் முகப்பவுடர் டப்பாவின் மூடி இருந்தது. பூ இருந்த இடத்தில் சோடா மூடிகள் நான்கு, கோணல்மாணலாக. கொக்கு இருந்த இடத்தில் சிவப்பு ரிப்பன் ஒரு துண்டு.



"யாரு இதுல கை வச்சது?"

மில்காரர் சீனிச்சாமி இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். முகமெல்லாம் மாவு.

"எல்லாரும்தான்," என்றார்.

"எல்லாரும்னா?"

"தேவைப்பட்டவங்க எடுத்துக்கிட்டாங்க. தெருக்குழாயில திருகு இல்லாம தண்ணி ராவும் பகலும் ஓடிக்கிட்டே கிடந்துச்சு. இங்க பாத்தா சரியான அளவுல ஒண்ணு இருக்கு. கழட்டி மாட்டினோம். நின்னுருச்சு."

"இது படம்ங்க."

"தெரியுமே. அதனாலதான் வெறும் ஓட்டையா விடல. எடுத்தவங்க அவங்கவங்க கையில இருந்ததை வச்சாங்க. ரிப்பன் நம்ம ஆட்டுக்காரர் மகளோடது. பட்டிக் கதவுக்குக் கொண்டியை எடுத்தாங்க. அதுக்கு முந்தி ஆடு ஒண்ணை நாய் கொதறிருச்சு. இப்ப கதவு நல்லா அடைக்குது."

வைத்தியலிங்கம் ரெஜினாவைப் பார்த்தார். அவள் படத்தின் அருகே போய் சோடா மூடிகளை ரசித்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், நீங்க ஒண்ணும் சொல்லலையே."

"இந்தப் பச்சை மூடியை இங்க வைக்கணும்னு எனக்குத் தோணிருக்காது," என்றாள் அவள்.

அவருக்குக் கோபம் இன்னும் கூடியது.

"மத்ததெல்லாம் போகட்டும். நிலா யாருகிட்ட இருக்கு? அது மட்டும் கிடைச்சாப் போதும், மிச்சத்தை நான் சரி பண்ணிக்குவேன்."

"பேச்சியம்மா வீட்ல," என்றார் சீனிச்சாமி. "கோயிலைத் தாண்டி மூணாவது வீடு."

*

பேச்சியம்மாள் முற்றத்தில் கருவேல விறகை வெட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே கட்டிலில் அவள் கணவர் படுத்திருந்தார். ஒரு காலில் கட்டுப் போட்டிருந்தது.

"கண்ணாடிச் சில்லா? இருக்கு. உள்ள வாங்க. ஊசி போடுற நேரந்தான்."

வைத்தியலிங்கம் வாசலில் நின்றார். ரெஜினா உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

பேச்சியம்மாள் கையைக் கழுவிவிட்டு வந்து, ஒரு சின்ன மருந்துப் புட்டியையும் ஊசியையும் எடுத்தாள். பிறகு புடவை முந்தியில் முடிந்திருந்த சில்லை அவிழ்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதை மறு கண்ணுக்கும் ஊசிக்கும் நடுவில் பிடித்தாள். ஒரு கையில் சில்லு, மறு கையில் ஊசி. புட்டியை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கியிருந்தாள்.

"இவருக்குச் சக்கரை. டாக்டரம்மா சொன்ன கோடு வரைக்குந்தான் மருந்து ஏத்தணும். அந்தக் கோடு என் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்து வீட்ல ஆள் இருந்தா பாத்துச் சொல்லுவாங்க. ஒரு நா யாரும் இல்ல. நானே குத்துமதிப்பா ஏத்திட்டேன்."

அவள் ஊசியைப் புட்டியில் குத்தினாள்.

"கண்ணு சொருகிருச்சு. வேர்த்துக் கொட்டுது. சீனியைக் கரைச்சு ஊத்தி, வண்டி பிடிச்சு ஆஸ்பத்திரி போயி, எப்படியோ ஆளைக் கொண்டுவந்து சேத்தேன். அதுக்கப்புறம் ஒரு நா மில்லுக்குப் போனேன். படத்துல இதைப் பாத்தேன். சும்மா கண்ணுல வச்சுப் பாத்தா, மில் செவுத்துல போற எறும்பு காலு தெரியுது."

மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"இங்க கொஞ்சம் பாருங்கய்யா. சரியா நிக்குதா?"

வைத்தியலிங்கம் உள்ளே வந்தார். சில்லை வாங்கிப் பார்த்தார்.

ஊசியின் மேல் கருப்புக் கோடுகள் பெரிதாக, வரிசையாக எழுந்து நின்றன. காலமெல்லாம் கோடு போட்டவர் அவர். எதையும் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததில்லை.

"சரியா நிக்குதும்மா," என்றார்.

அவள் ஊசியைப் போட்டு முடித்தாள். கணவர் கண்ணைத் திறக்காமலே, "வலிக்கல," என்றார்.

"நீங்க எதுக்குக் கேட்டீங்க? இது உங்கதா?"

ரெஜினாதான் சொன்னாள்.

"அந்தப் படத்தைச் செஞ்சவரு இவருதான்."

பேச்சியம்மாள் அவரைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் குவித்தாள்.

"வச்சது யாருன்னு தெரியாம, ஊசி போடுறப்பல்லாம் அந்தப் புண்ணியவான் நல்லாருக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தேன். உங்களுக்கு வேணும்னா எடுத்துக்கங்கய்யா. இத்தனை நாள் குடுத்ததே பெருசு."

சில்லு அவர் கையில்தான் இருந்தது.

அவர் தரையில் உட்கார்ந்தார். பையைத் திறந்து மெல்லிய கம்பியை எடுத்தார். சில்லைச் சுற்றிக் கம்பியை வளைத்து முறுக்கினார். முனைகளைச் சேர்த்து நீளமான கைப்பிடி ஆக்கினார். விறகுக் குவியலில் இருந்து ஒரு தட்டையான கட்டையை எடுத்துத் துளை போட்டு, கைப்பிடியை அதில் செருகி நிறுத்தினார். சில்லு கட்டையின் மேல் தானாக நின்றது.

"இப்ப ரெண்டு கையும் சும்மா இருக்கும்மா," என்றார்.

அவள் குனிந்து அதன் வழியாகத் தன் கைரேகையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நன்றிய்யா."

"நானும் அதைத்தான்மா சொல்லணும்," என்றார் அவர்.

*

மில்லுக்குத் திரும்பி வந்தார்கள். சீனிச்சாமி டீ வாங்கிவரச் சொல்லியிருந்தார்.

வைத்தியலிங்கம் முக்காலி போட்டு ஏறினார். பவுடர் டப்பா மூடி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கம்பியால் இறுக்கினார். ரிப்பனில் படிந்திருந்த மாவை ஊதினார். கீழே இறங்கித் தள்ளி நின்று பார்த்தார்.

செல்போன் அடித்தது. மதுரையில் இருந்து கண்காட்சி நடத்தும் பெண்.

"சார், படம் கிடைச்சுதா? நாளைக்கு வண்டி அனுப்பட்டுமா?"

அவர் ரெஜினாவைப் பார்த்தார். அவள் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்க்கவில்லை.

"கிடைச்சுதும்மா. ஆனா வராது."

"ஐயோ, ஏன் சார்? உடைஞ்சிருச்சா?"

"இல்லம்மா," என்றார். "வேலையில இருக்கு."