வரத் தயங்கியவரின் வீடு

குன்றடி மடத்துக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது நல்லசிவத்தைத்தான். வந்தவருக்கு மோர் கொடுப்பார். அவர்கள் மனக்குறையை முழுக்கக் கேட்பார். பிறகுதான் குருவிடம் அழைத்துப் போவார்.

குரு தில்லைநாயகி அம்மை அவரைவிட ஆறு வயது இளையவர். பதினெட்டு வருடங்களாக அவர்தான் நல்லசிவத்துக்குக் குரு.

ஒரு நாள் காலை, பூப் பறித்துக்கொண்டிருந்த அம்மையிடம் நல்லசிவம் வந்தார்.

"அம்மா, ஒருவர் கேட்கச் சொன்னார். மனசு ஒன்றையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது?"

"எதை நினைக்கிறாராம்?"

"அதைச் சொல்லவில்லை."

"வரச் சொல்லுங்கள் ஐயா. கேட்போம்."

மறுநாள் அம்மையே விசாரித்தார். "அவர் வந்தாரா?"

"தயங்குகிறார் அம்மா. உங்களுக்கு எதற்குச் சிரமம் என்கிறார். ஊரே அவரிடம் வந்து ஆறுதல் தேடுகிறது. அவரே போய்க் கலங்கி நின்றால் என்ன நினைப்பார்கள் என்று கூச்சம்."

அம்மை அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பூக்கூடையைக் கீழே வைத்தார்.

"வீடு எங்கே? நாமே போய்விடுவோம்."

"இப்போதா? வெயில் ஏறிவிட்டதே."

"பரவாயில்லை. வழி காட்டுங்கள்."

நல்லசிவம் முன்னால் நடந்தார். கடைத்தெருவைத் தாண்டினார்கள். குளக்கரையைச் சுற்றினார்கள். மறுபடியும் கடைத்தெரு, மறுபடியும் குளக்கரை. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள்.

"என்னம்மா, ரெண்டாவது தடவையா சுத்தி வர்றீங்க?"

"ஒருத்தர் வீட்டைத் தேடுறோம்மா" என்றார் அம்மை.

அவ்வளவுதான். நல்லசிவத்திடம் ஒன்றும் கேட்கவில்லை. நல்லசிவம் திரும்பிப் பார்த்தார். அம்மையின் முகம் வெயிலில் சிவந்து, நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

நல்லசிவம் மடத்தின் பக்கம் திரும்பினார். பின்கட்டில் வரிசையாக இருந்த சின்ன அறைகளில் தம்முடைய அறை வாசலில் போய் நின்றார்.

"இதுதான் அம்மா."

அம்மை உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்கள் ஐயா."

நல்லசிவம் எதிரே உட்கார்ந்து, எங்கிருந்தோ நடுவில் ஆரம்பித்தார்.

"ரெண்டு மாதத்துக்கு முன்னால், பூஜையில் பாடிக்கொண்டிருக்கும்போது அடுத்த வரி வரவில்லை. அடுத்த வாரம் நம் சமையல்காரர் பெயர் வரவில்லை. பத்து வருடமாக அவர் கையால் சாப்பிடுகிறேன். என் அப்பாவுக்கும் இந்த வயதில்தான் தொடங்கியது. கடைசி வருடம் தினமும் என்னைப் பார்த்து, 'தம்பி யாரு?' என்று கேட்டார். இப்போது விடிந்ததும் மடத்தில் உள்ள எல்லார் பெயரையும் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு பெயர் தடுக்கினால் போதும், அன்றைக்கு முழுக்க அதே நினைப்பு. வெளியே சிரித்துக்கொண்டிருப்பேன்."

"யாரிடமாவது சொன்னீர்களா?"

"இல்லை."

அம்மையின் கண் கலங்கியது. "தினமும் உங்கள் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். எனக்குத் தெரியாமல் போய்விட்டதே."

நல்லசிவம் தலை குனிந்தார்.

"நாளைக்கு வைத்தியரைப் பார்ப்போம். நானும் வருகிறேன்."

"அவர் அதேதான் என்று சொல்லிவிட்டால்?"

"அப்போதும் சேர்ந்துதான் திரும்பி வருவோம்."

நல்லசிவம் அழுதார். அழ வேண்டாம் என்று அம்மை சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் மெல்லக் கேட்டார்.

"ஒரு நாள் உங்களையே யாரென்று கேட்டுவிட்டால் அம்மா?"

"சொல்வேன்."

"சொன்னதை மறந்துவிட்டு மறுபடியும் கேட்டால்?"

அம்மை அவர் கையை எடுத்துத் தம் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"கேட்கும்போதெல்லாம் சொல்வேன்."